பல் இம்ப்ளான்ட் எலும்போடு இணைவதும் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதும்: படிப்படியான முழு வழிகாட்டி

பல் இம்ப்ளான்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று பாகங்கள் உண்டு. தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தப்பட்டு ஈறைக் கடந்து மேலே வரும் அபட்மென்ட் என்னும் இணைப்புத் துண்டு இன்னொன்று. அதன்மேல் அமரும், பேச்சுவழக்கில் கேப் எனப்படும் கிரவுன் மூன்றாவது. வெளியே தெரிவது கிரவுன் மட்டுமே என்பதால் நோயாளிகளின் கவலையும் செலவுக் கணக்கும் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கின்றன. சிகிச்சையின் வெற்றி தோல்வியோ வேறு இரண்டு இடங்களில் முடிவாகிறது: முதல் சில வாரங்களில் திருகுக்கும் எலும்புக்கும் இடையே; அதன்பின் வாழ்நாள் முழுவதும், இம்ப்ளான்டின் கழுத்தை ஈறு சுற்றிப் பிடித்திருக்கும் சில மில்லிமீட்டர் உயர வளையத்தில். முதல் இடத்துக்கு வேண்டியது அசைவின்மை, இரண்டாவதற்கு வேண்டியது சுத்தம். இந்த வழிகாட்டி சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்தையும் இந்த இரண்டு தேவைகளை முன்வைத்தே விளக்குகிறது.

எலும்பு டைட்டானியத்தை ஏற்றுக்கொள்வது எப்படி

1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் மருத்துவ ஆய்வாளர், எலும்புக்குள் இரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்பதை உயிருள்ள நிலையிலேயே பார்ப்பதற்காக, முயல்களின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கண்காணிப்புக் கருவிகளைப் பதித்தார். ஆய்வு முடிந்து அவற்றைக் கழற்ற முயன்றபோது அவை வரவில்லை; எலும்பு உலோகத்தை விடாமல் பற்றியிருந்தது. பல் மருத்துவத்தை மனத்தில் வைத்துத் தொடங்காத அந்த ஆய்வின் பயன், பின்னர் கோத்தன்பர்க் நகரில் 1965இல் முதல் மனிதருக்குக் கிடைத்தது. பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்டிருந்த யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அன்று வைக்கப்பட்ட இம்ப்ளான்ட்கள், 2006இல் அவர் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பாட்டில் இருந்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் இதை எளிதில் நம்பிவிடவில்லை. 1977இல் பத்தாண்டுத் தரவுகள் வெளிவந்த பிறகும், 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில்தான் வட அமெரிக்கா இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

டைட்டானியம் காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. உடலின் திரவங்களும் செல்களும் தொடுவது உலோகத்தை அல்ல, அரிப்புக்கு ஆளாகாத இந்தப் படலத்தைத்தான். கீறல் விழுந்தாலும் அது உடனே மீண்டும் உருவாகிக்கொள்கிறது. உடல் இதை விரட்ட வேண்டிய அந்நியப் பொருளாகப் பெரும்பாலும் நடத்துவதில்லை என்பதால், நடுவில் நார்த்திசு ஏதும் வளராமல், எலும்பு நேரடியாக அதன்மேல் படிய முடிகிறது. ஆங்கிலத்தில் ஆசியோஇன்டகிரேஷன் எனப்படும் எலும்பிணைவு இதுதான். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது: நன்றாக இணைந்த இம்ப்ளான்டிலும் அதன் முழு மேற்பரப்பையும் எலும்பு தொடுவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் எலும்பும், மீதியில் மஜ்ஜைத் திசுவும் இரத்த நாளங்களும் இருக்கும். மெல்லும் விசையைத் தாங்க அதுவே போதும்.

முதல் படி: உடலையும் எலும்பையும் அளவெடுத்தல்

பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு காத்திருக்காது. வேரைத் தாங்குவதற்காகவே இருந்த எலும்பு, வேர் போனதும் கரையத் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் அந்த மேட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே பல் எடுத்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இம்ப்ளான்ட் கேட்டு வருபவரிடம், எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் சேர்த்துத் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்வது பில் தொகையைக் கூட்டும் தந்திரம் என்று எப்போதும் நினைத்துவிடக் கூடாது.

அளவெடுக்க சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கப்படுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. 4 மி.மீ. விட்டமுள்ள திருகைச் சுற்றி, குறிப்பாகக் கன்னப் பக்கத்தில், ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து ஒன்றரை மி.மீ., இரண்டு இம்ப்ளான்ட்கள் அடுத்தடுத்து இருந்தால் அவற்றுக்கு இடையே 3 மி.மீ., கீழ்த்தாடை நரம்புக் குழாயிலிருந்து குறைந்தது 2 மி.மீ. இடைவெளி வேண்டும். மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் சைனஸ் காற்றறை கீழே இறங்கியிருந்தால், அதன் தரையை உயர்த்தும் சைனஸ் லிஃப்ட் அறுவை தேவைப்படும்.

எலும்பின் தன்மையும் இடத்துக்கு இடம் மாறும். கீழ்த்தாடையின் முன்பகுதி கெட்டியானது. மேல்தாடையின் பின்பகுதி மிக மென்மையானது, அதனால் அங்கே இணைவும் தாமதமாகும். கெட்டியான எலும்பு எப்போதும் சாதகம் என்பது முழு உண்மையல்ல, ஏனென்றால் மிகக் கெட்டியான எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு, துளையிடும்போது சூடும் அதிகம் எழும்.

உடல்நிலையைப் பொறுத்தவரை, நீரிழிவு இருப்பதே தடையல்ல. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவுதான் தடை. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 7 அல்லது 8 சதவீதத்துக்குள் வந்த பிறகே பலரும் அறுவையைத் திட்டமிடுகிறார்கள். புகைபிடிப்பவர்களிடம் இம்ப்ளான்ட் தோல்வியடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. எலும்புத் தேய்வுக்கோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ சோலட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகளைப் போட்டுக்கொண்டவர்கள் அதை மறைக்கவே கூடாது. இந்த மருந்துகள் எலும்பின் புதுப்பிப்பைத் தடுப்பதால், தாடை எலும்பின் ஒரு பகுதியே அழுகிப்போகும் ஆபத்து இருக்கிறது. தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் தனி மதிப்பீடு வேண்டும். நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியையும் இங்கே சேர்க்க வேண்டும்: பல ஆண்டுகளாகப் பாக்கு, குட்கா மெல்லுபவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி, வாய் திறக்கும் அளவே சுருங்கிவிடுகிறது. கடைவாயில் துளைக்கருவியை நேராக நுழைக்க இடமில்லாவிட்டால், எவ்வளவு நல்ல எலும்பு இருந்தும் பயனில்லை.

ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். அந்தக் கிருமிகள் பல்லுக்கும் டைட்டானியத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

இரண்டாம் படி: பதிக்கும் நாள்

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைத் திறந்து, முதலில் 2 மி.மீ. அளவுள்ள மெல்லிய துளைமுனையால் திசையும் ஆழமும் குறிக்கப்படுகின்றன. பிறகு துளைமுனைகள் படிப்படியாகத் தடித்தவையாக மாற்றப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் துளைமுனையின்மேல் குளிர்ந்த சலைன் விடாமல் வழிந்துகொண்டிருக்கும். மருத்துவர் அழுத்திக் குடையாமல், உள்ளே விட்டு வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே விடுவார். இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புச் செல்கள் பாதிக்கப்படுகின்றன என்பது 1980களின் தொடக்கத்தில் முயல்களில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. செத்த எலும்பால் எதையும் பற்றிக்கொள்ள முடியாது.

கடைசியில், மூடிய குப்பியிலிருந்து இம்ப்ளான்ட் எடுக்கப்படும். அதைக் கையுறை அணிந்த விரல்கூடத் தொடுவதில்லை. கருவியின் முனையால் எடுத்து நேராகத் துளைக்குள் கொண்டுபோவார்கள். துளை, திருகின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே வைக்கப்பட்டிருக்கும். ஆகவே திருகு எலும்பை நெருக்கிக்கொண்டே இறங்கும். கடைசிச் சுற்றுகளில் கருவி காட்டும் முறுக்கு விசை 30 முதல் 45 நியூட்டன் சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நல்ல பிடிப்பு என்று பொருள். இது முதல்நிலைப் பிடிப்பு. முழுக்க முழுக்க இயந்திரவியல் சார்ந்தது, உடலின் பங்கு இதில் இன்னும் தொடங்கவில்லை. விசையை மேன்மேலும் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்று எண்ணுவது தவறு: அளவுக்கு மீறி நெருக்கப்பட்ட எலும்பு, இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கரைந்துபோகும்.

மூன்றாம் படி: இணைவு நடக்கும் வாரங்கள்

திருகு இறங்கிய சில நொடிகளிலேயே இரத்தம் அதன் மேற்பரப்பை நனைக்கிறது. இரத்தத்திலுள்ள புரதங்கள் ஆக்சைடு படலத்தின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளியிட, இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் ஆன வலை ஒன்று எலும்புச் சுவரிலிருந்து திருகின் மேற்பரப்புவரை பின்னப்படுகிறது. அடுத்த சில நாள்களில் வெள்ளணுக்கள் சிதைவுகளை அகற்ற, புதிய நுண்நாளங்கள் உள்ளே வளர, எலும்பை உருவாக்கும் செல்கள் அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு நகர்ந்துவந்து திருகின்மேலேயே குடியேறுகின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து புதிய எலும்பு தோன்றுகிறது. பழைய எலும்புச் சுவரிலிருந்து திருகை நோக்கியும், திருகின் மேற்பரப்பிலிருந்து சுவரை நோக்கியும் என இரு திசைகளிலும் அது வளர்கிறது. இந்த இரண்டாம் வகை வளர்ச்சிக்கு மேற்பரப்பின் சொரசொரப்பு பெரிதும் உதவுகிறது. மணல் வீசி, அமிலத்தால் அரித்து, ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் அளவு கரடாக்கப்பட்ட பரப்பில் ஃபைப்ரின் வலை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பிரோனமார்க் காலத்துத் திருகுகள் வழவழப்பாகக் கடையப்பட்டவை. அதனால்தான் அன்று கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் பலருக்குப் போதுமானவை.

முதலில் உருவாவது அவசரமாகப் பின்னப்பட்ட, ஒழுங்கற்ற எலும்பு. அதற்கு வலிமை குறைவு. மாதக்கணக்கில் அது கரைக்கப்பட்டு, அடுக்கடுக்காக அமைந்த முதிர்ந்த எலும்பால் மாற்றப்படுகிறது. முதிர்ந்த எலும்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் என்ற வேகத்தில்தான் படிகிறது என்பதால், கிரவுன் வைத்த பிறகும் இந்த வேலை ஓராண்டுக்கு மேல் தொடரும்.

நோயாளிகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படாத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. துளையிட்டபோது காயப்பட்ட எலும்பின் உட்புற விளிம்பை, எலும்பைக் கரைக்கும் செல்கள் முதல் வாரங்களில் அரித்தெடுக்கின்றன. அதனால் அறுவை நாளில் இருந்த இயந்திரவியல் பிடிப்பு நாளுக்கு நாள் தளர்கிறது. புதிய எலும்பு தரும் உயிரியல் பிடிப்போ இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறக்குறைய இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரையிலான காலத்தில்தான் இம்ப்ளான்ட் மிகப் பலவீனமாக இருக்கிறது. அந்த நேரத்தில் நோயாளிக்கு வலியில்லை, வீக்கம் வடிந்துவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தப் பக்கமே முறுக்கையும் சீடையையும் கடிக்கத் தொடங்குவார்.

அசைவு எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளப்படும்? 50 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒரு தலைமுடியின் தடிமனை நினைத்துக்கொண்டால் போதும். அதைத் தாண்டிய அசைவு திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், எலும்பாக மாற வேண்டிய செல்கள் நார்த்திசுவாக மாறிவிடும்; திருகைச் சுற்றி ஒரு மெல்லிய நார் உறை வளர்ந்துவிட்டால் அதன்பின் எலும்பு உள்ளே வராது. ஆகவே இந்த வாரங்களில் செய்ய வேண்டியவை இவை: மென்மையான உணவை மறுபக்கத்தில் மெல்லுவது, நாக்காலோ விரலாலோ அந்த இடத்தை அழுத்திப் பார்க்காமல் இருப்பது, தற்காலிகப் பல்செட் அதன்மேல் அழுத்தினால் மருத்துவரிடம் சொல்லி உட்புறத்தைக் குடைந்துவிடச் செய்வது, குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியைச் சொன்ன நாள்கள் மட்டும் பயன்படுத்துவது, புகையை முற்றாக விடுவது. இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரே நாளில் பல்" என்னும் விளம்பரங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அது பொய்யல்ல. போர்ச்சுகலைச் சேர்ந்த பல் மருத்துவர் பாவ்லோ மாலோ 1990களில் வளர்த்தெடுத்த ஆல்-ஆன்-ஃபோர் முறையில், ஒரு தாடை முழுவதற்கும் நான்கு இம்ப்ளான்ட்களை வைத்து, அவற்றை ஒரே விறைப்பான பாலத்தால் பிணைத்து, விரைவிலேயே பல் பொருத்துகிறார்கள். நான்கும் ஒன்றையொன்று தாங்குவதால் ஒவ்வொன்றின் அசைவும் வரம்புக்குள் நிற்கிறது. தனியாக நிற்கும் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அந்தத் துணை இல்லை. முன்பல்லாக இருந்தால், எதிர்ப்பல் தொடாதவாறு தற்காலிகக் கிரவுன் வைக்கலாம். கடைவாயில் அவசரப்படுவதற்கு, மெல்லுவதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த மெல்லுவதுதான் இந்த வாரங்களில் கூடாதது.

நான்காம் படி: இணைந்துவிட்டதா என்று அறிதல்

எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றிக் கருப்புக் கோடு ஏதும் இல்லாதிருப்பது நல்ல அடையாளம், ஆனால் அது மட்டும் போதாது. பல மருத்துவமனைகளில் அதிர்வு அளவீட்டுக் கருவி இருக்கிறது: திருகின் தலையில் ஒரு சிறு கம்பியைப் பொருத்தி, காந்தத் துடிப்பால் அதை அதிரச் செய்து, அதிர்வெண்ணை ஐ.எஸ்.கியூ. என்னும் 1 முதல் 100 வரையிலான எண்ணாகக் காட்டும். 70க்கு மேல் என்றால் உறுதியான பிடிப்பு. 60க்குக் கீழே என்றால் காத்திருப்பது நல்லது. ஒற்றை எண்ணைவிட, பதித்த நாளின் எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுவதே பயனுள்ளது. ஆகவே அறுவை நாளன்று அளந்தார்களா என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கிரவுனும் கடியும்

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே பல்லிணைப்புத் தசைநார் இருக்கிறது. கடிக்கும்போது பல் பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் அமிழ்ந்து மீள்வதும், சோற்றில் ஒரு சிறு கல் பட்டதும் தாடை தானாகத் திறப்பதும் அதன் வேலை. இம்ப்ளான்டுக்கு இது இல்லை. அது எலும்போடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் சில மைக்ரோமீட்டரே அமிழும், மிகைவிசையை உணர்வதும் மந்தம். எனவே கிரவுனை மற்ற பற்களின் அதே உயரத்துக்கு வைத்தால், இறுக்கிக் கடிக்கும்போது மற்றவை அமிழ, இது மட்டும் சுமையைத் தனியே ஏற்கும். இதனால்தான் மெதுவாகக் கடிக்கும்போது கிரவுன் எதிர்ப்பல்லை மிக இலேசாகத் தொடும்படியும், இறுக்கிக் கடிக்கும்போது மட்டும் முழுதாகத் தொடும்படியும் சீர்செய்வார்கள்.

கிரவுனை அபட்மென்டோடு இணைக்க இரு வழிகள் உள்ளன: சிமென்டால் ஒட்டுவது, அல்லது திருகால் பூட்டுவது. இடம் அனுமதித்தால் திருகுமுறையே மேல் என்பது என் கருத்து. ஈறுக்குள் வழிந்து தங்கிவிடும் சிமென்ட் துணுக்கு, பின்னாளில் அங்கே அழற்சியைக் கிளப்பும் காரணங்களில் ஒன்று. மேலும் திருகுமுறைக் கிரவுனை உடைக்காமலேயே கழற்றிச் சரிசெய்ய முடியும். கிரவுன் பொருத்திய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பின்னாளில் எலும்பு குறைந்ததா என்று ஒப்பிட அதுவே அடிப்படைப் படம்.

ஆறாம் படி: ஈறு வளையத்தைக் காத்தல்

பொதுவாக, பத்தாண்டு கடந்தும் நூற்றில் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து இம்ப்ளான்ட்கள் வாயில் இருக்கின்றன. வாயில் இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் செங்குத்தாகப் புதைந்து, கிருமிகளுக்கு எதிரே வேலியாக நிற்கின்றன. டைட்டானியத்தில் அவை புதைய முடியாது, அதனால் அதன் கழுத்தைச் சுற்றி இணையாகவே ஓடுகின்றன. அங்கே இரத்த நாளங்களும் குறைவு. இதனால், படியும் அழுக்கை உடனே அகற்றாவிட்டால் அழற்சி வேகமாக ஆழத்துக்கு இறங்குகிறது. ஈறோடு நின்றுவிடும் அழற்சியை முழுமையாகக் குணப்படுத்தலாம். எலும்பைத் தொட்டுவிட்டால் அது பெரி-இம்ப்ளான்டைடிஸ், இழந்த எலும்பு தானாகத் திரும்ப வராது. வலி இருக்காது என்பதுதான் இதில் கொடுமை.

தினமும் இருவேளை மென்மையான தூரிகையால், ஈறும் கிரவுனும் சந்திக்கும் கோட்டைக் குறிவைத்துத் துலக்க வேண்டும். பக்கவாட்டு இடைவெளிக்கு, பல்லிடுக்கில் நுழையும் இன்டர்டென்டல் பிரஷ் என்னும் சிறு தூரிகை மிகவும் பயன்படும்; அதன் கம்பி பிளாஸ்டிக் பூச்சுள்ளதாக இருப்பது நல்லது. பல இம்ப்ளான்ட்களை இணைக்கும் பாலம் என்றால், அதன் அடியில் நுழைந்து துடைக்கும் தடித்த ஃப்ளாஸ் நூலோ தண்ணீர் பீச்சும் கருவியோ வேண்டும். முதல் ஆண்டில் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே அவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் இலேசாக விட்டு, இரத்தம் கசிகிறதா, ஆழம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். முதல் ஆண்டில் திருகின் மேல்விளிம்பில் எலும்பு சற்றே இறங்குவது இயல்பு. அதன்பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது 1986 முதல் வழங்கிவரும் அளவுகோல்.

சிக்கல் வந்தால்

துலக்கும்போது இரத்தம், சீழ், கெட்ட சுவை, ஈறு இறங்கித் திருகின் கழுத்துத் தெரிவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த முறைப் பரிசோதனைவரை காத்திருக்கக் கூடாது. ஆரம்ப நிலையில் ஆழ்ந்த சுத்திகரிப்பே போதும். எலும்பு குறைந்திருந்தால் ஈறைத் திறந்து திருகின் பரப்பைச் சுத்தம் செய்து, குழியின் வடிவம் பொருத்தமாக இருந்தால் எலும்புத் துகள் நிரப்புவார்கள்.

பல் ஆடுவதாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஆனால் கடிப்பதை நிறுத்திவிட வேண்டும். எலும்பிலிருந்து இம்ப்ளான்டே தளர்ந்திருந்தால் அதைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இடம் ஆறிய பிறகு மீண்டும் வைக்கலாம். பெரும்பாலும் நடப்பதோ உள்ளே அபட்மென்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்வதுதான். அதைச் சரியான முறுக்கு விசையில் இறுக்கினாலோ புதிதாக மாற்றினாலோ போதும். ஆனால் அந்தத் திருகுக்கான முடுக்கியின் முனை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எந்த நிறுவனத்தின் எந்த அளவு இம்ப்ளான்ட் என்று தெரியாமல், வேறு ஊரில் வேறு மருத்துவர் முன் உட்கார்ந்தால், சிறிய வேலையும் பல நாள் தேடலாகிவிடும். இம்ப்ளான்ட் பெட்டியோடு வரும் ஒட்டுச் சீட்டில் நிறுவனப் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். பதித்த அன்றே அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்களோடு வைத்துக்கொண்டு, கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும்.